பார்டர் நைனாவின் கறுப்புக் கட்டம்

மந்தைவெளியில் கணினியைத் தொடவே கூடாத மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பார்டர் நைனாவைக் கைகாட்டுவேன். விதி அவருக்கு டைப்பிங் கடையையே கொடுத்திருந்தது. வாடகை ஒப்பந்தமோ, நாயைக் காணவில்லை அறிவிப்போ, கட்டத்துக்குள் அடைபடாமல் எதுவும் அங்கிருந்து வெளியே வந்ததில்லை.

கலையுணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தச் சோம்பல். புதிய பக்கம் திறக்கவே மாட்டார். எப்போதோ அடித்த கருமாதிப் பத்திரிகை ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பவரை அழித்துவிட்டு அடுத்தவரை அடிப்பார். சுற்றியிருக்கும் கறுப்புக் கட்டம் மட்டும் அப்படியே நிற்கும்.

என் மகளுக்கு வரன் பார்த்தபோது, புத்தி கெட்டு நானும் அங்கேதான் போனேன். நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மதியம் ஜாதகத்தை அடித்துக் கையில் கொடுத்தார். நாலு பக்கமும் விரல் தடிமனுக்குக் கறுப்பு.

"யோவ் நைனா, இது கல்யாண விஷயம்யா! சாவுக் கடுதாசி மாதிரி இருக்கு. கட்டத்தை எடு."

"இன்னாத்துக்கு சார் டென்சன் ஆவுற? தோ, எடுத்துட்டா போச்சு."

எடுத்தார். மகளின் பெயரைச் சுற்றியிருந்த குட்டிக் கட்டம் போனது. பெரியது அசையவில்லை. பெருங்குடி ஆபீஸிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த மகளைப் போனில் பிடித்தேன்.

"அப்பா, அவர் எடுத்தது பாரா பார்டர், அந்தப் பத்திக்கு மட்டும்தான். மேல டிசைன் மெனுல பேஜ் பார்டர்னு இருக்கும், அதை எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா புது ஃபைல்ல அடிக்கச் சொல்லுங்க."

நைனா சிரித்தார். "பாப்பாக்கு இன்னா தெரியும்? டிசைனைத் தொட்டா எழுத்தெல்லாம் சிதறிப்பூடும் சார். புது பைல்ல தமிழே வராது."

"உன் கடைக்கு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்திவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். முதல் சம்பந்தமே இப்படி ஆகிறதே என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு வாசலில் நைனா, மூச்சிரைக்க நின்றார். கத்தரிக்கோலால் கறுப்பு முழுவதையும் வெட்டியெறிந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். தாள் பாதியாகச் சுருங்கி, ஓரமெல்லாம் கோணல்.

"கட்டம் போயிடுச்சு சார். கடையச் சாத்திட்டு ஓடியாந்தேன். நம்ம பாப்பா விசயமாச்சே."

மாப்பிள்ளையின் அப்பா அதைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "சிக்கனமான குடும்பம்" என்று மெச்சினார். கல்யாணமும் நடந்தது.

அன்று நைனா கொடுத்த வாழ்த்து மடலிலும் கட்டம் இருந்தது. மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால், கோணலாக, கையாலேயே போட்டிருந்தார். அதைச் சுற்றி நானே ஒரு மரச்சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அந்த மக்குப் பிளாஸ்திரியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.