எழுந்து போகாத ரசிகர்கள்

நன்றியுரை சொல்லக் காத்திருந்த ஒரு சாயங்காலத்தில்தான் அந்த இனத்தை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் என்ன விழா என்றாலும் நன்றியுரை எனக்குத்தான். அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சட்டையையே போடுவேன். அது கிடக்கட்டும். அந்த இனத்தின் பெயர், குழந்தைகளுக்குக் கவிதை வாசிக்கும் பெரியவர்.

உங்களுக்கும் அவரைத் தெரியும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் ஜிப்பாவுக்கு மாறியவர். தோளில் துணிப்பை, பைக்குள் தன் செலவில் அச்சடித்த தன் புத்தகங்கள். யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், நலமாக இருப்பது பற்றிப் போன வாரம்தான் எழுதிய எட்டு வரியைச் சொல்லிவிட்டு, "எப்படி?" என்று புருவத்தை உயர்த்துவார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? பிரமாதம் என்பீர்கள். போச்சு. அடுத்த எட்டு வரி வரும்.

பெரியவர்களுக்கு வாசிப்பதில் இவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான். பெரியவர்களுக்குக் கால் இருக்கிறது. திருவாரூரில் ஒரு கவியரங்கத்தில் இவர் தொடங்கும்போது நிரம்பியிருந்த மண்டபம், டீ வந்ததும் பாதியாகி, பஸ் நேரத்தில் கால்வாசியாகி, கடைசியில் மைக் செட்டுக்காரர் மட்டும் மிஞ்சினாராம். அவரும் மைக்குக்காகத்தான் உட்கார்ந்திருந்தார். இப்படி மனம் நொந்திருக்கும் ஒருவரை ஏதோ ஒரு பள்ளிக்கூடம் விழாவுக்குக் கூப்பிடுகிறது. போய்ப் பார்க்கிறார். சம்மணம் போட்டு, கை கட்டி, வாயில் விரல் வைத்து, வரிசை வரிசையாக ரசிகர்கள். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் கண்ணை உருட்டியபடி ஓர் ஆசிரியை. வாசல் கேட் வேறு பூட்டியிருக்கிறது. அன்றைக்கே அவருக்குள் ஒரு குழந்தைக் கவிஞர் பிறந்துவிடுகிறார். "பிள்ளைங்களுக்கு வாசிக்கிற சுகமே தனி சார், அதுங்கதான் அசையாம கேக்குதுங்க" என்று அதற்கப்புறம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். எப்படி அசையும்?

எங்கள் ஊருக்கு வந்தவர் கவிஞர் வண்டல்நேசன். வீட்டில் வைத்த பெயர் வெங்கட்ராகவன். வங்கியில் மேலாளராக இருந்தவர். அழைப்பிதழில் அவருக்கு வாழ்த்துரை, ஐந்து நிமிடம். அதை அடுத்து ஐந்தாம் வகுப்பு சுடர்விழியின் சொந்தக் கவிதை. இந்த வரிசையை ஏன் சொல்கிறேன் என்றால், சுடர்விழியின் அப்பா இளையபெருமாள் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். லீவு முடிந்து அன்று இரவே விமானம். திருச்சிக்குப் போக வேண்டிய கார், பள்ளிக்கூட வாசலில் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது.

"என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு வாரமா கெஞ்சுறேன் தம்பி, காட்ட மாட்டேங்குது. மேடையிலதான் சொல்லுவேங்குது" என்றார் என்னிடம், பெருமையை மறைக்கத் தெரியாமல். "அதைக் கேட்டுட்டுக் கெளம்பிடுவேன். மறுபடி வர ரெண்டு வருசம் ஆவும்."

கவிஞர் எழுந்தார். இந்த இடத்தில் ஒரு மரபைச் சொல்லியாக வேண்டும். கவியரங்கத்தில் எந்த வரியையும் இரண்டு முறை சொல்வார்கள். முதல் முறை காதுக்கு, இரண்டாம் முறை கைதட்டலுக்கு. பள்ளிக்கூடத்திலும் ஒரு மரபு உண்டு. முன்னால் நிற்கும் பெரியவர் எதையாவது சொன்னால், பிள்ளைகள் அதை ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மரபும் அதுவரை நேருக்கு நேர் சந்தித்ததில்லை.

"நதியே நதியே நடந்து வா" என்றார் கவிஞர்.

"நதியே நதியே நடந்து வா!" என்று கூரை அதிர்ந்தது.

கவிஞர் ஒரு கணம் தடுமாறிப்போனார். வாழ்நாளில் அவர் வரியை யாரும் திருப்பிச் சொன்னதில்லை. மரபுப்படி அதையே இரண்டாம் முறை சொன்னார். மரபுப்படி பிள்ளைகளும் சொன்னார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நதி நடந்து, வயலைக் கடந்து, வாய்க்காலில் படர்ந்து, ஒவ்வோர் அடியும் நான்கு தடவையாக, ஐந்து நிமிடம் அரை மணியாகியும் கடலைச் சேர்ந்தபாடில்லை.

"குழந்தைகளே, கவிதை என்றால் என்ன?"

"குழந்தைகளே, கவிதை என்றால் என்ன!"

"பாருங்கள், என்ன ஒரு தேடல்" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

வாசலில் ஹாரன் கேட்டது. தலைமையாசிரியை ஆனந்தம் டீச்சர் விவரமானவர். பொன்னாடை போர்த்தினால் பேச்சு முடிந்தது என்று எங்கள் பக்கத்துக் கைப்பிள்ளைக்கும் தெரியும். போய்ப் போர்த்தினார். "போர்த்திய கைகளுக்கு நன்றியாக ஒரு நெடுங்கவிதை" என்றார் கவிஞர்.

மேடையோரம் நின்ற சுடர்விழி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிரைவர் முபாரக் உள்ளேயே வந்துவிட்டார்.

"அண்ணே, கல்லணை வழியா அடிச்சுப் போனாலும் இனிமே கஷ்டம்."

"ஒரு நிமிசம் முபாரக்கு."

"இதத்தான அண்ணே அப்பலேருந்து சொல்றீங்க. பிளேனு என்ன மினி பஸ்ஸா, கை காட்டுனா நிக்க?"

இளையபெருமாள் எழுந்தார். "ஒரு தந்தை எழுந்து நிற்கிறார்! உட்கார்ந்து கேட்க முடியாமல் எழுந்து நிற்கிறார்!" என்று மைக்கில் தழுதழுத்தார் கவிஞர். எழுந்தவர் தலையைக் குனிந்தபடி வாசலுக்குப் போனார். அவர் மனைவி பூவம்மாள் பின்னாலேயே போனார்.

சுடர்விழி யாரையும் கேட்கவில்லை. மேடையிலிருந்து குதித்து, வரிசைகளைத் தாண்டி ஓடி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். மைக் இல்லை. ஆனால் டெல்டாப் பெண்பிள்ளை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"எங்கப்பா வந்தா கட்டில் கத்தும்!"

கடைசி வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புக்கு அவள் குரல்தான் பக்கத்தில் கேட்டது. பெரியவர் என்ன, அக்கா என்ன, சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே? "எங்கப்பா வந்தா கட்டில் கத்தும்!"

"மோட்டார் கத்தும், மிக்சி கத்தும்!"

இப்போது இரண்டாம் வகுப்பும் திரும்பி உட்கார்ந்தது.

"அப்பா போனா எல்லாம் சும்மா இருக்கும்!"

பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிற்று.

"அம்மா மட்டும் கத்தும்!"

"அம்மா மட்டும் கத்தும்!" என்று ஊரே கேட்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். யாரும் வாயில் விரல் வைத்திருக்கவில்லை.

"அடியேய், மானத்த வாங்காத" என்று பூவம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இளையபெருமாள் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னாள். கார் கிளம்பியபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தாரா அழுதுகொண்டிருந்தாரா என்று கண்ணாடிக்கு வெளியே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

கவிஞர்? மெல்லக் கண்ணை மூடி, மைக்கை நெருங்கி, "இதற்கான விதை என் முதல் வரியிலேயே இருந்தது" என்றார்.

சிரிக்காதீர்கள். விருந்தாளி வந்த வீட்டில் "பாப்பா, மாமாவுக்கு ஒரு பாட்டு சொல்லு" என்று கூப்பிட்டுவிட்டு, அது வாயைத் திறப்பதற்குள், "நாங்க சின்னதுல ஒண்ணு படிச்சோம்" என்று நீங்களே முழுசாகப் பாடி முடித்தது நினைவிருக்கிறதா? பாப்பா அசையாமல் கேட்டதா? கதவு தாழ் போட்டிருந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டல்நேசன் இப்போது குழந்தைக் கவிஞர்களுக்கான போட்டிகளில் நடுவராக இருக்கிறார். முடிவை அறிவிக்கும் முன் தன் கவிதையைத்தான் வாசிக்கிறார். இளையபெருமாள் விமானத்தைப் பிடித்துவிட்டார், சிங்கப்பூரில் இருக்கிறார். சுடர்விழி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். இப்போது எழுதுவதையும் அப்பாவிடம் முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறாள்.