தானாகப் போய்த் தானாக வரும் சுவிட்ச்

பட்டனை அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை.

நூலகர் தன் விரலை எடுத்துப் பார்த்தார். விரலில் கோளாறு இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, டிரிப் சுவிட்ச் டெஸ்ட். ஆறு வருடமாக அவர் தவறாமல் செய்துவரும் ஒரே காரியம். எங்காவது மின்சாரம் கசிந்து மனிதன் மேல் பாய்ந்தால், அவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் கரண்டை வெட்டிவிடும் அந்தச் சுவிட்ச். சோப்புக்கட்டி அளவுதான். அதன் முன் நிற்கும்போதெல்லாம் அவருக்குப் புல்லரிக்கும். நூலகத்தில் பதினாலாயிரம் புத்தகங்கள் இருந்தன. ஒன்றுகூட அவரை அப்படிச் செய்ததில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் கத்தினார். வீட்டில் இருந்தது மனைவி மட்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

மின்விசிறி சுற்றியது.

மனைவி பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டியை ஒட்டியிருந்த தையல் கடை பூட்டிக் கிடந்தது.

"கடை இன்னும் திறக்கலைங்க."

"உயிரைக் காப்பாத்துற சுவிட்ச் படுத்துக் கிடக்கு. உனக்குத் துணி தைக்கணுமா?"

"ஒரு பத்து நிமிஷம் பொறுங்களேன்."

"கரண்ட் பொறுக்குமா?"

கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு பேனாவின் பின்பக்கத்தால் குத்தினார். பட்டன் உள்ளே போய்விட்டது. திரும்ப வரவில்லை.

"ஸ்க்ரூடிரைவர் எங்கே?"

மனைவி ஓடி வந்து குறுக்கே நின்றாள். ஆறு வருடத்துக்கு முன் இதே மனிதர் அழைப்பு மணியைப் பழுதுபார்க்கப் போய், வாசலில் இருந்து சோபாவுக்கு நடக்காமலே வந்து சேர்ந்தார். சோபா அங்கே இருந்தது அதிர்ஷ்டம்.

"நான் இருக்கிற வரைக்கும் அதை நீங்க தொடக் கூடாது!"

அவர் தொட்டார். மூடியைக் கழற்றியதும் இரண்டு கம்பிகள் வெளியே வந்து விழுந்தன. ஒன்றை உள்ளே தள்ளினார். படீரென்று பொறி பறந்தது. ஸ்க்ரூடிரைவர் முனை கருகியது. குளிர்சாதனப் பெட்டி ஒரு மாதிரி உறுமியது. இரண்டாவது கம்பிக்கு அவர் கையை நீட்டியபோது, மனைவி பிளாஸ்டிக் துடைப்பத்தால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

பிறகு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தாள்.

எலக்ட்ரீஷியன் கீழேயே மெயினை அணைத்துவிட்டு மேலே வந்தார். மின்விசிறி மெல்ல நின்றது. அந்த நிலையிலும் நூலகருக்குப் புல்லரித்தது.

சுவிட்சைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் எலக்ட்ரீஷியன். "இது செத்து அஞ்சாறு வருஷம் ஆச்சு சார். உள்ளே எல்லாம் உருகி ஒட்டிக்கிச்சு. கரண்ட் போகும், வரும். வெட்டவே வெட்டாது."

"அப்ப ஷாக் அடிச்சா?" என்றாள் மனைவி.

"அடிக்கும்."

அவள் சலவை இயந்திரத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இருக்கவே முடியாது," என்றார் நூலகர். "மாசா மாசம் அமுக்குவேன். மூணு எண்ணி அமுக்கினா அடுத்த நொடி எல்லாம் அணையும்."

"அணைஞ்சா இந்த லீவர் கீழே விழணுமே. விழுந்துச்சா?"

"இல்லை. பத்து எண்ணுறதுக்குள்ள கரண்ட் தானா வந்துடும்."

எலக்ட்ரீஷியன் கையில் இருந்ததை மெதுவாக மேசைமேல் வைத்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "தானா போயி, தானா வருமா? இருபது வருஷமா இந்த வேலை பார்க்குறேன் சார். இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை."

"செத்த பிறகும் வேலை செஞ்சிருக்கு," என்றார் நூலகர். "எங்களுக்காக."

இரண்டு ஆண்களும் அந்தக் கருகிய கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி மட்டும் சுவரைப் பார்த்தாள்.

படியில் தடதடவென்று சத்தம். கழுத்தில் அளவு நாடாவுடன், மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார் கீழ்க்கடைத் தையல்காரர்.

"என்னக்கா இது நியாயம்? ஆறு வருஷத்துல இன்னைக்கு ஒருநாள்தான் லேட்டு. அதுக்குள்ள மெயினை அணைக்க வேற ஆளை வச்சுட்டீங்களா?"