வாளைக் கருவாடும் மூன்று மின்சார மிஷின்களும்

மாப்பிள்ளை ஜெகதீசன் அவர்களுக்கு,

திருவொற்றியூரிலிருந்து மாமனார் பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தை பவுனம்மாளும், மாவுக்கட்டுப் போட்ட வலது கை நீங்கலாக, நலம். ஓசூரில் நீங்களும் என் மகள் நர்மதாவும் வேளாவேளைக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் அந்த வழக்கம் நின்று நாளாகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நர்மதா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "நைனா, இன்னொரு தபா சொல்லு" என்று சிரிக்கிறாள். தாளைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி உங்கள் அத்தை கையை உடைத்துக்கொண்டதும், பார்க்க வந்த நர்மதா, "நைனா காஸைத் தொறந்து வுட்டுட்டு மறந்துடும்" என்று சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கே போய்விட்டாள். பிறகு நீங்கள் அன்போடு மூன்று பெட்டிகள் அனுப்பினீர்கள்: இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் ஓவன், எண்ணெயே இல்லாமல் பொரிக்குமாமே ஏர் ஃபிரையர், அது. உங்கள் மனசு பெரிசு மாப்பிள்ளை, அதை நான் குறை சொல்லவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பலிலிருந்து கண்டெய்னரைப் பூப்போலத் தூக்கி லாரியில் வைத்தவன் நான். நாலு பட்டனுக்குப் பயப்படுவேனா என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் நாள் சங்கரா மீன் குழம்பு. புளி கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, வீட்டு மண்சட்டியை இண்டக்‌ஷன் மேல் வைத்துப் பட்டனை அமுக்கினேன். அது பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடி அமுக்கினேன், மறுபடி கத்தியது. சட்டியைத் திருப்பி வைத்தேன், தட்டினேன், கும்பிடாத குறை. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் வந்து, "சார், பாத்திரத்துல காந்தம் ஒட்டுமா?" என்று கேட்கிறது. "மண்சட்டில எப்டிம்மா ஒட்டும்?" என்றேன். "அப்போ சூடாகாது சார், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றது. வேறு என்ன உதவி, வந்து சமைத்துவிட்டா போகப்போகிறது? கூடத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை, "இன்னாய்யா, அட்ப்பா அது? எடை போட்ற மிஷினு மேல வெச்ச மாரி வெச்சுக்கினு நிக்கிற?" என்றாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பன்னும் டீயும்தான்.

அடுத்து ஓவன். வாளைக் கருவாட்டை லேசாகச் சூடு காட்டி எடுக்கலாம் என்று உள்ளே வைத்தேன். நேரம் போடுகிற இடத்தில் ஒரு சைபர் கூடுதலாக அமுக்கிவிட்டேன்போல. அதே சமயம் தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட்டதால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நிற்கும்போதே ஒரு நெடி வந்தது பாருங்கள், கண்ணெல்லாம் எரிந்தது. யாரோ, "ஏதோ கம்பெனில வாயு வுட்டுட்டாங்கடா, ஓடு!" என்று கத்தினார்கள். சுற்றிலும் ரசாயனக் கம்பெனிகள் இருக்கிற இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, இப்படி ஓடுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடங்களைப் போட்டுவிட்டு, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவே கிளம்பியது. பக்கத்து வீட்டு ரூத், உங்கள் அத்தையைக் கட்டுப் போட்ட கையோடு தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓடினாள். நானும் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு, "கொயந்தைங்கள மொதல்ல தூக்குங்க!" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனேன். அங்கே ஒரு போலீஸ்காரர், "எந்தக் கம்பெனி?" என்று கேட்டதற்கு, ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினோம். அப்புறம் திரும்பி வந்து பார்த்தால், போகப்போக நெடி கூடிக்கொண்டே வந்து என் வீட்டு வாசலில்தான் உச்சத்துக்குப் போகிறது. ரூத் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கம்பெனி இல்ல. கருவாடு," என்றாள். மூக்கில் கட்டியிருந்த ஈரத்துணிகளை எல்லோரும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அதற்கப்புறம் தெருவே பேசியது. இன்று வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஏர் ஃபிரையரைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டு வருகிறேன். அதற்குள்ளே காற்று அடிக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நெத்திலிக்கு மேலே தூவின கறிவேப்பிலை அத்தனையும் பறந்துபோய் மேல் கம்பியில் ஒட்டிக் கருகியது. நெத்திலி தீக்குச்சியாகிவிட்டது. உங்கள் அத்தை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு குத்த வெச்சுக்க," என்று என்னிடமே கொடுத்தாள்.

இந்த நிலைமையில்தான் உங்கள் தாயார், சம்பந்தியம்மா கெங்கம்மா, கொருக்குப்பேட்டையிலிருந்து கை விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தியம்மாவுக்குப் பன்னும் டீயும் வைக்க முடியுமா? உங்கள் அத்தை, "ஓட்டல்ல வாங்கி வெச்சன்னா நான் எய்ந்து எங்கனா போய்டுவேன்," என்று சொல்லிவிட்டாள். காலையிலேயே இறால் வாங்கி, ஒவ்வொன்றாக முதுகில் கீறி நரம்பெடுத்து, மசாலா அரைத்துப் பிசைந்து, காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்தே வாங்கி வந்து, அடுப்பில் வைத்தேன். வெங்காயம் வதங்கி வாசனை வருகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மூன்று மிஷினும் செத்த பிணம். வாசலில் ஆட்டோவிலிருந்து சம்பந்தியம்மா இறங்குகிறார்கள். நான் பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக ரூத் வீட்டுக்கு ஓடினேன். அவள் காஸ் அடுப்பில் ஒரு பக்கம் காலி செய்து கொடுத்தாள். நின்று கிளறி, தொக்கு ஆக்கிக்கொண்டு வந்து சம்பந்தியம்மாவுக்கு இலையிலும் உங்கள் அத்தைக்குத் தட்டிலுமாகப் பரிமாறினேன். என் பின்னாலேயே ரூத் ஒரு கிண்ணத்தில் ரசமும் கொண்டுவந்து வைத்தாளா, சம்பந்தியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவளைப் பார்த்து, "எறா தொக்கு சூப்பரா கீதும்மா, உன் கைப்பக்குவமே தனி," என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நரம்பெடுத்தது நான், அரைத்தது நான், விரலெல்லாம் மிளகாய் எரிச்சல். நெருப்பு மட்டும்தானே அவளுடையது! சம்பந்தியிடம் போய் வாதாட முடியுமா? ரூத்தின் ரசத்தை எடுத்து அவர்கள் இலையில் ஊற்றினேன்.

அப்போது உங்கள் அத்தை, இடது கையால் ஸ்பூன் பிடித்துத் தின்றுகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, "ரூத்து வெச்சது இல்ல சம்பந்தி. எங்க வூட்டுக்காரு வெச்சது. உப்பு கம்மியா கீது பாருங்க, அது அவுரு தான்," என்றாள். சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைய்யா," என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் கரண்டியைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஆனாலும் மாப்பிள்ளை, என்னால் முடியவில்லை. ஆக்கிப் போட்டது போதும். அடுத்த வாரம் மாதவரம் பக்கம் வருகிற உங்கள் தோஸ்து யாரையாவது அனுப்பி, இந்த மூன்று மிஷின்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ரெகுலேட்டரையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். உங்கள் வீட்டில் உலை பொங்கட்டும், கரண்ட் போகாமல் இருக்கட்டும், பிறக்கப்போகிற பேரப்பிள்ளைகள் கேட்டதெல்லாம் தின்று வளரட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமனார்
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கிவர நாளாகிவிட்டது, அதற்குள் அத்தைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய், நான் ஒழுங்காக வைத்திருந்த ஏர் ஃபிரையரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஓவன்மேல் கோலமாவு டப்பாவை அடுக்கி வைத்திருக்கிறாள். அங்கே காற்று போக வழி வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா? மேலே எழுதியதை மனசில் வைக்க வேண்டாம். யாரையும் அனுப்பவும் வேண்டாம். நீங்கள் இன்றைக்கே போன் போட்டு, மாப்பிள்ளை சொல்கிற மரியாதைக்காவது அவளை என் அடுப்படியைவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். கடம்பா மீன் வாங்கி மசாலா தடவி வைத்திருக்கிறேன், ஊறிக்கொண்டிருக்கிறது.