தன்னையே நீக்கச் சொன்ன தீர்மானம்

திருவொற்றியூரில் ஒரு விஷயத்துக்குத் தீர்மானம் போடாமல் விட்டிருந்தால், அது எங்கள் 'தீர்மான'த்தின் காதுக்கு இன்னும் எட்டவில்லை என்று அர்த்தம். அவருடைய நிஜப்பேர் பெற்றவர்களுக்கே மறந்திருக்கும். தொழிற்சாலையில் லேத் ஓட்டுவார். மிச்ச நேரமெல்லாம் யூனியனுக்குத் தீர்மானம் எழுதுவார். கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லையென்றால் நாமெல்லாம் திட்டுவோம். அவர் 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்று எழுதி, முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் என்று ஆள் பிடித்துவிடுவார். தாமதமாக வந்த கும்மிடிப்பூண்டி ரயிலைக் கண்டித்து, அந்த ரயிலுக்குள்ளேயே தீர்மானம் நிறைவேற்றினார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் டிக்கெட் பரிசோதகர் ஒருவர்தான்.

மார்க்சியத்தை அவர் எதில் கலக்காமல் விட்டார்? "மனுசன்னு தனியா ஒண்ணு கெடையாது நைனா. தொழிலாளி கீறான், மொதலாளி கீறான். நடுவுல நிக்கிறவன் பஸ்ஸுக்கு நிக்கிறான்" என்பார். எனக்குப் பெண் பார்க்கக் கூட வந்தவர், பெண்ணின் அப்பா எந்த வர்க்கம் என்று விசாரித்துவிட்டுத்தான் பஜ்ஜியைத் தொட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில் ஸ்ட்ரைக். வெல்டர் ஏகாம்பரம் மட்டும் பின் கேட் வழியாக வேலைக்குப் போய்விட்டான். கருங்காலி! அன்றைக்கே அவர் கையால் தீர்மானம் தயார். 'ஏகாம்பரம் வீட்டு நல்லது கெட்டது எதிலும் யூனியன்காரர் கலந்துகொள்ளக் கூடாது. மீறினால் நீக்கம். எந்தச் சமாதானமும் ஏற்கப்படாது.' எல்லோரும் கை தூக்கினோம், நானும்தான்.

மூன்றாம் வாரம் ஏகாம்பரத்தின் அம்மா செத்துப்போனாள். தெரு முழுக்க யூனியன் வீடுகள். ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. பாடை கட்டியாயிற்று. அவன் கொள்ளிச்சட்டி பிடிக்கணும். தூக்குவதற்கு மச்சானும் சகலையும்தான். நாங்கள் எதிர் டீக்கடையில் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தீர்மானம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், இன்னா பாத்துகினு கீற? மூணு காலுல நாற்காலியே நிக்காது, பொணம் எப்டிடா போவும்?"

போனேன். வழியில் வாய் சும்மா இருக்குமா எனக்கு? "அண்ணே, மார்க்சியம் இன்னா ஆச்சு?"

"அது எங்கியும் போவல. நம்ம நாட்டுல எத்தினியோ பெரிய மூளைக்காரங்க மார்க்சியத்துல ஏறி மனிதநேயத்துல எறங்கிகீறாங்க. கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் எடுத்தவன் எண்ணூர்ல எறங்கக் கூடாதா?"

முன்னால் சட்டியோடு போன ஏகாம்பரம் அழுதுகொண்டே திரும்பி, "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே" என்றான்.

அடுத்த ஞாயிறு காலை பொதுக்குழு. அவரை நீக்கியாகணும். செயலாளர் தட்டுத்தடுமாறி ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்தார். நம்ம ஆள் அதை வாங்கிப் பார்த்தார். "இன்னா இம்மாங் கலீஜா எழுதிகீற? இத வெச்சு ஒரு கொசுவக்கூட நீக்க முடியாது!" கிழித்துப்போட்டுவிட்டு, தன்னை நீக்கும் தீர்மானத்தைத் தானே உட்கார்ந்து எழுதினார். என் பேரைச் சேர்க்கவில்லை. "இவன் நான் கூப்ட்டு வந்தவன், வுட்ருங்க."

படிக்கும்போது 'இருபது வருட உறுப்பினரான' என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். கல்யாணம் காட்சி இல்லாத மனுஷன்; யூனியனை விட்டால் அவருக்கு வேறு வீடு வாசல் ஏது?

"முன்மொழியறேன். வழிமொழியறவங்க கை தூக்குங்க."

நாற்பது பேர் இருந்தோம். ஒரு கை எழவில்லை. மூக்கைச் சொறியப் போன வாட்ச்மேன்கூடக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"அட, இன்னா பேஜாரு இது! ரூலுன்னு ஒண்ணு கீதா இல்லியா? யாராச்சும் தூக்குங்கடா!" என்னைப் பார்த்தார். "நீயாச்சும் தூக்குடா."

"முடியாதுண்ணே."

காகிதத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார், கண்ணில் தண்ணி. தலைவர்தான், "குந்து நைனா, அடுத்த விசயத்த எழுது" என்றார்.

மனிதநேயம், மார்க்சியம் எல்லாம் எங்களுக்கு என்ன தெரியும்? அவர் இல்லாத யூனியனில் போய் உட்கார எங்களில் ஒருத்தருக்கும் மனசில்லை, அவ்வளவுதான்.