குங்குமம் வைத்த ஸ்லைடு

புதுமனை புகுவிழாவில் முதலில் உள்ளே போகும் பசுவை எல்லோரும் பின்பக்கமாகத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குள் சாணி போட்டால் நல்ல சகுனம். வடவள்ளியில் என் மாமா கட்டிய புது வீட்டு வாசலில் நான் மட்டும் பசுவின் தோளைப் பார்த்தேன். முன்னங்காலுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். அந்த யோசனை வந்தது அப்போதுதான். வராமலே இருந்திருக்கலாம்.

நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் மாணவி. மாட்டு உண்ணி கடித்து வரும் தைலேரியா என்ற ஒட்டுண்ணிதான் என் புராஜெக்ட். (வீட்டில் இதற்கு 'உண்ணிப் படிப்பு' என்று பெயர்.) உடம்புக்குள் கிருமி நுழைந்தால் வெள்ளையணுக்கள் அதைப் பிடித்துத் தீர்த்துவிடும். தைலேரியாவோ வெள்ளையணுவுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருடன் பாய் விரித்துப் படுத்த கதைதான். அதோடு விடுகிறதா? அந்த அணுவை ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிய வைத்து, பிரியும்போது தானும் பங்காகி இரண்டு பக்கமும் போய்விடுகிறது. ஸ்டேஷன் பெருகப் பெருகத் திருடனும் பெருகுகிறான். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. நோய் வந்த மாட்டுக்குக் காய்ச்சலடித்துத் தோளில் நெறி கட்டும்; அதில் ஊசி குத்தி எடுத்த துளியில்தான் அது தெரியும். நான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் எல்லாம் மாடுகள் குத்துக்கல் மாதிரி ஆரோக்கியமாக நின்றன. "இந்த வாரத்துக்குள்ள ஒரு ஸ்லைடாவது கொண்டு வா. இல்லாட்டித் தலைப்பை மாத்திட்டுக் கொசு முட்டை எண்ணப் போயிரு" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே பட்டுப்புடவை கட்டியும் கைப்பையில் ஊசியும் கண்ணாடி ஸ்லைடுகளும் இருந்தன. (சீப்பு இல்லை.)

பசுவைத் தொட்டேன். கொதித்தது.

"ஏனுங்க, காய்ச்சலுங்களா?" என்று பசுவின் சொந்தக்காரரான பால்காரர் ஆறுமுகத்திடம் கேட்டேன்.

"மெல்லப் பேசுங்கம்மணி! நேத்திருந்து தீனி எடுக்கல. உங்க மாமனுக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லேன்னு பண்ணிப்போடுவாரு."

"ஒரே ஒரு குத்துங்க. என்ன நோவுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"குத்துறதுன்னா சுருக்கா குத்துங்க."

முறைப்படி அந்த இடத்தில் மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஆனால் கழுத்தெல்லாம் மஞ்சள். வீக்கத்தின் மேலேயே அத்தை பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். புது வீட்டில் நுழையப் போகிற பசுவின் பொட்டை அழிக்கிறதா? படித்த மூளை அழி என்றது. கை கேட்கவில்லை. பொட்டின் நடுவிலேயே ஊசியை இறக்கினேன்.

ஒரு துளி வந்தது. ஸ்லைடில் தடவினேன். அதற்குள் பசு ஆறுமுகத்தின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

"அய்யோ, ராகு காலம் இன்னும் முடியலீங்களே!" என்று அத்தை அலறினார்.

பிரச்சினை அதுதான். பசு உள்ளே போய்விட்டது. பிடிக்க யாரும் உள்ளே போக முடியாது. பட்டு வேட்டியோடு மாமா வாசப்படியில் ஒற்றைக் காலைத் தூக்கி, மறுபடி இறக்கினார். உள்ளே எதுவோ உருண்டது. எதுவோ உடைந்தது. வெளியே, பசுவோடு வந்த கன்றுக்குட்டி கதறியது.

"ஆரு கவுத்தை உட்டது?" என்றார் மாமா.

அம்மா என்னைப் பார்த்தாள். என் ஒரு கையில் ஸ்லைடு, மறு கையில் ஊசி.

"என்னடி பண்ணுன?"

"பொட்டைச் சரி பண்ணுனேன்ம்மா."

"ஊசியிலயா?"

மாமா பத்து வருஷம் பாடுபட்டுக் கட்டிய வீடு. இனி அதில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என் பெயர்தான் வரும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அது மலர்ந்தது.

"போட்டுருச்சு! சாமி ரூம்லயே போட்டுருச்சு!"

பூஜைக்கு வந்த அய்யர் தொண்டையைச் செருமினார். "கோமாதா தானா உள்ள போனா ராகு காலம் பார்க்கப்படாது."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. ஸ்லைடு காய வேண்டுமே!

மறுநாள் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீல அணுக்கள். அவற்றின் மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். புத்தகத்தில் இருப்பது போலவே! லேபே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அந்த நேரத்துக்குள் நான் டாக்டர் பட்டம் வாங்கி வெளிநாடு போய்த் திரும்பியிருந்தேன்.

"மாட்டை எங்க புடிச்ச?"

"புதுமனை புகுவிழாவுலங்க சார்."

"அதானா? அணுவுக்குள்ள ஒளிஞ்சு பொழைக்கிற ஜென்மம்னு நீதான எனக்கே பாடம் எடுத்த? இங்க வெளியிலயும் கூட்டமா உக்காந்திருக்குது, பாரு. இது குங்குமம். அந்தக் கட்டி மஞ்சள். ஒரு கற்பூரம் இருந்தா ஆரத்தி காட்டிரலாம்."

லேபில் சிரிப்பு அடங்க நேரமானது. அவரே சிரித்துவிட்டதால் செமஸ்டர் முடியும்வரை அவகாசம் கிடைத்தது. நான் மறுபடி ஊசியோடு போவதற்குள், அந்தப் பசுவுக்கு வந்தது தைலேரியாதான் என்று கால்நடை டாக்டர் மருந்து போட்டுக் குணமாக்கிவிட்டார். ஆறுமுகத்துக்கு ஆனந்தம். எனக்கு மட்டும், இருந்த ஒரே ஒட்டுண்ணியும் போயிற்று.

விஷயம் வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. இப்போது எந்தக் கல்யாணத்தில் யார் மூக்கின் மேல் குங்குமம் உதிர்ந்தாலும் மாமா பந்தி கேட்கக் கூப்பிடுகிறார்: "கண்ணு, உன்ற பூச்சி ஒண்ணு இங்க உக்காந்திருக்குது. ஓடறதுக்குள்ள வந்து புடிச்சுக்க."

நேற்று எதிர்வீட்டுப் போனுக்கு ஆறுமுகம் தகவல் சொல்லியிருக்கிறார். சத்தியமங்கலத்தில் அவர் தம்பியின் மாட்டுக்குக் காய்ச்சல், தோளில் வீக்கம். நாளைக் காலை முதல் பஸ். பிளேடு, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நல்ல காரியத்துக்குப் போவதால் மாட்டுக்கு வைக்க அம்மா குங்குமமும் மடித்துத் தந்திருக்கிறாள். வைக்கத்தான் போகிறேன், ஸ்லைடு எடுத்த பிறகு.