ஓட்வாரின் தலைக்கு முட்டைக்கோஸ்

இந்த வசந்தத்தில் துடைப்பத்தைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். நானும் மனுஷன்தானே!

எங்கள் ட்ரோன்ஹைம் நகரக் குடியிருப்பில் பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை எல்லாரும் முற்றத்தில் இறங்கியாக வேண்டும். வழுக்காமலிருக்கக் குளிர்காலமெல்லாம் கொட்டிய பொடிக்கல்லைக் கூட்டி அள்ளணும். இந்தக் கூட்டு வேலையை டுக்னாட் என்போம். கூலி கிடையாது. கட்டாயமும் கிடையாது. வராதவனை மட்டும் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அந்த நாள் பார்த்தா கால்பந்துக் கோப்பை ஆட்டம் வர வேண்டும்? 'தலைவலி' என்று போர்வைக்குள் சுருண்டேன்.

என் மனைவி இங்குன் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது ஓட்வார்?"

"ரெண்டு பக்கமும்."

"நடுவுல?"

"நடுவுலயும்தான்."

"அடப்பாவமே! இதுக்கு இயற்கை வைத்தியம்தான் சரி. எழுந்து உக்காரு."

முட்டைக்கோஸ் இலையைப் பூரிக்கட்டையால் நசுக்கி நெற்றியில் வைத்தாள். மேலே வினிகர் துணி. அதற்கும் மேலே கம்பளித் துண்டால் ஒரு கட்டு. கால் இரண்டும் கடுகுத்தூள் கரைத்த வெந்நீர் வாளியில். கொஞ்சம் உப்பும் தூவியிருந்தால் என்னைப் பரிமாறியே இருக்கலாம்.

"ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். தலைவலிக்கு நல்ல காத்து வேணும்."

"நீ போ இங்குன். என்னால உனக்கு எதுக்குக் கஷ்டம்?"

துடைப்பத்தோடு அவள் கீழே போனதும் போனை எடுத்தேன். இலை ஒரு கண்ணை மறைத்தது, வினிகர் இன்னொன்றில் இறங்கியது. எரியும் கண்ணால் ஆட்டம் பார்த்தேன். கடைசி நிமிஷம். கோல்கீப்பர்கூட இல்லை, எங்கள் ஆள் மட்டும் தனியாக. பந்தை வெளியே அடித்தான் பாவி!

"ஐயய்யோ!"

என் தொண்டை என்னைக் கேட்கவே இல்லை. கீழே அத்தனை துடைப்பமும் நின்றது. இங்குனின் குரல் மட்டும் வந்தது.

"பாவம், மனுஷன் வலியில துடிக்கிறார். யாராவது ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்!"

போனைத் தலையணைக்குள் திணிப்பதற்குள் அறை நிரம்பிவிட்டது. எங்கள் மூன்றாம் மாடிக்குக் கீழ்வீட்டு ஹால்வோர் ஏறி வந்திருந்தார். எண்பது வயசு, முட்டிவலி, கையில் தடி. மூச்சு வாங்க வாங்க என் நெற்றிப்பொட்டில் புதினா எண்ணெய் தேய்த்தார்.

"உன் பங்குக் கல்லையும் நானே அள்ளிட்டேன்ப்பா. நீ நிம்மதியா இரு."

எதிர்வீட்டு ரெய்டூன் வாஃபிள் தட்டை நீட்டினாள். "வேலை செஞ்சவங்களுக்குச் சுட்டது. நீ முதல்ல சாப்பிடு."

எப்படி விழுங்குவது? வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எண்ணெய் எரியுதா?" என்றார் ஹால்வோர்.

"ஆமா" என்றேன். அதிலும் பொய்!

எல்லாரும் போனதும் தாங்க முடியவில்லை. வாளியில் கால் வைத்தபடியே உடைந்துவிட்டேன்.

"இங்குன், எனக்குத் தலைவலியே இல்ல. ஆட்டம் பாக்கத்தான் நடிச்சேன். எனக்கே கேவலமா இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"நீ போர்வையை இழுத்துப் போத்தினப்பவே. நிஜத் தலைவலின்னா ஒரு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிருப்பேனே!"