பதினாலாம் வளைமேல் ஒரு புகார்

ஒரு காட்டில் ஒரு நரி ஒரு முள்ளம்பன்றிக்கு அநியாயம் செய்தது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆமை வரும், அணில் வரும், ஆடுகள்கூட வரும். ஆனால் ஆரம்பித்தது நரிதான்.

நரியின் பெயர் குழந்தைவேலு. முள்ளம்பன்றியின் பெயர் சடையாண்டி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மரங்கொத்தி வீட்டு விருந்தில் சடையாண்டி பந்தியில் உட்காரப் போனார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பாயசத்துல முள்ளு விழுந்துடப்போகுது" என்றது நரி. பந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களை சடையாண்டி மன்னித்துவிட்டார், ஏனென்றால் அவர்கள் நிறையப் பேர். நரியை மட்டும் மன்னிக்கவில்லை. அதுவாக வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தார்.

அது கேட்கவில்லை. பக்கத்து வளையிலேயே குடியிருந்துகொண்டு, "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று மட்டும் தினமும் கேட்டது.

அந்தக் காடு அமெரிக்காவில், பெரியது என்றும் சொல்லமுடியாத, சின்னது என்றும் சொல்லமுடியாத ஒரு நகரத்தின் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்த மான்கள் நகரத்துக்குள் போய் ரோஜாச்செடி தின்பது வழக்கம். தின்னும்போது நகராட்சி நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, காட்டுக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்றன. வந்தது. வளைகளுக்கெல்லாம் எண் போட்டார்கள். சடையாண்டியின் வளைக்குப் பதினாலு. நரியின் வளைக்குப் பதினைந்து.

ஒரு திங்கட்கிழமை காலையில் பதினாலாம் வளை வாசலில் மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. சடையாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். வாசலில் உள்ள முட்புதர் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக்குள் அகற்றாவிட்டால் நகராட்சி ஆடுகள் வந்து மேயும். புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டால் மட்டும் நடவடிக்கை நிறுத்தப்படும்.

சடையாண்டி புதரைப் பார்த்தார். பதினோரு வருஷத்துப் புதர். பனிக்காலத்தில் காற்றைத் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பனி நேராக உள்ளே வந்து அவரோடு படுத்துக்கொள்ளும். வயதான உடம்பு, தாங்காது.

"யார் குடுத்த புகார் அண்ணே?" என்று நரி தன் வளையிலிருந்து தலையை நீட்டிக் கேட்டது.

யார் என்று சடையாண்டிக்குத் தெரியாதா? ஆனால் வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் வேண்டும். காகிதம் கையில் வந்தால் அதை நரியின் மூக்குக்கு நேரே நீட்டி, புகாரையும் திரும்பப் பெற வைக்கலாம், அதோடு பழைய மன்னிப்பையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

அவருக்கு வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன வசந்தத்தில் நரியின் வாசல் புதரைப் பற்றி அவரே ஒரு புகார் கொடுத்திருந்தார். எட்டு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. இவர்மேல் யாரோ கொடுத்தால் மட்டும் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆவண அலுவலகத்துக்குப் போனார். அது ஒரு பழைய ஓக் மரத்தின் பொந்து. கவுண்டரில் ஆமை உட்கார்ந்திருந்தது.

"பொது ஆவணம்னா எல்லாருக்கும் பொது, ஐயா" என்றது ஆமை. "யார் வேணாலும் கேக்கலாம். எதுக்குக் கேக்கறீங்கன்னு நான் கேக்கவே கூடாது. சட்டம்."

சடையாண்டிக்குச் சட்டத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது. "என் வளைமேல வந்த புகாரைக் குடுங்கம்மா."

"நம்பர்?"

"என்ன நம்பர்?"

"புகார் நம்பர்."

"அது எங்க இருக்கும்?"

"புகார்ல இருக்கும்."

"புகார் எங்க இருக்கு?"

"எங்ககிட்டதான்."

"அப்போ பாத்துச் சொல்லுங்களேன்."

"நம்பர் இல்லாம எப்படிங்க பாக்கறது?" என்றது ஆமை, உண்மையான வருத்தத்துடன். "வளையை வெச்சுத் தேடலாம். ஆனா வளைக் கணக்கெல்லாம் கவுண்டியில இருக்கு."

ஓடைக்கு இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் கவுண்டி, அதாவது மாவட்டம், என்று மான்கள் பிரித்து வைத்திருந்தன. அதனால் என்ன பிரயோசனம் என்று மான்களுக்கும் தெரியாது. நகரத்தில் அப்படித்தான் இருந்தது. சடையாண்டி ஓடையைக் கடந்தார். முள்ளெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்த நீர்நாய், "உங்க வளைக் கணக்கு இங்கதான் இருக்கு, ஆனா புகார் நகரத்தோடதாச்சே" என்றது. அரை நாள் கெஞ்சியபிறகு புகார் எண்ணை ஓர் இலையில் எழுதிக் கொடுத்தது. அவர் திரும்பி வந்தபோது ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை இலையை நீட்டினார்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் விண்ணப்பம் போடணும், ஐயா."

மரக்கட்டைமேல் ஒரு திரை இருந்தது. முதல் பக்கத்திலேயே, 'நான் மனிதன் அல்ல' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். சடையாண்டி அதைத் தொட்டார். திரை நம்பவில்லை. ஒன்பது படங்களைக் காட்டி, மனிதர்கள் உள்ள படங்களைத் தொடச் சொன்னது. ஒரு படத்தில் சோளக்கொல்லைப் பொம்மை இருந்தது. அவர் அதையும் தொட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து. நாலாவது தடவையில் கோபத்தில் ஒரு முள் திரையில் ஏறிவிட்டது. திரை பயந்துபோய் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது.

ஆவண அறை அணிலின் பொறுப்பில் இருந்தது. அணில் எல்லாக் காகிதங்களையும் பத்திரமாகக் காடு முழுக்கக் குழிதோண்டிப் புதைத்து வைத்திருந்தது. எங்கே என்பதுதான் நினைவில்லை. மத்தியானம் முழுக்கத் தோண்டியது. ஒரு கரடியின் கல்யாணப் பத்திரம், இரண்டு வாத்துகளின் எல்லைத் தகராறு, யாரோ மறந்துவிட்ட ஒரு வால்நட், எல்லாம் வந்தன. சாயங்காலம் புகாரும் வந்தது.

பாதிக்கு மேல் கறுப்பு மை பூசியிருந்தது.

"என்னம்மா இது?"

"கொடுத்தவர் யாருன்னு தெரியக்கூடாது பாருங்க. அந்த வரியெல்லாம் காகம் மை பூசிடும்" என்றது ஆமை.

மை போக, அலுவலகம் தட்டச்சு செய்த நகலில் மிஞ்சியிருந்ததைப் படித்தார். 'இந்த வளையில் குடியிருப்பது தலைக்கனம் பிடித்த பிராணி. வாசலில் புதரை வளர்த்து வழியை மறைக்கிறது. தான் செய்ததைத் தப்பென்று ஒப்புக்கொள்ளும் வழக்கமே இந்தப் பிராணிக்குக் கிடையாது.'

சடையாண்டிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் இரண்டாம் தடவை படித்தார். பொய்தான், ஆனால் எழுதினவன் நன்றாக எழுதியிருந்தான்.

"பேரை யாருமே பாக்க முடியாதா?"

"கொடுத்தவர் பாக்கலாம். அவரே கவுண்டருக்கு வந்து, இது என் புகாரான்னு கேட்டா, ஆமா இல்லைன்னு சொல்லணும். அவரோடதுன்னா மை இல்லாத காகிதத்தைக் கொடுக்கணும்."

சடையாண்டியின் முள்ளெல்லாம் நிமிர்ந்தது.

வியாழக்கிழமை காலையில் பொந்துக்கு வெளியே வரிசை நின்றது. அக்கம்பக்கத்து வளை, கூடு, பொந்து எல்லாவற்றிலிருந்தும் பதினாறு பேரை சடையாண்டி அழைத்து வந்திருந்தார். அழைத்து வந்தார் என்றால், பின்னால் நின்றுகொண்டு முள்ளைச் சிலிர்த்தார், அவர்கள் முன்னால் நடந்தார்கள்.

முதலில் நரி. அதுதான் வேண்டுமென்று அவர் முதலில் நிறுத்தினார். "இது என் புகாரா அம்மா?" என்று நரி கேட்டது.

"இல்லை" என்றது ஆமை.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று சடையாண்டி குறுக்கே விழுந்தார்.

"பாத்தாச்சு, ஐயா. இல்லை."

முயல் கேட்டது. இல்லை. மரங்கொத்தி கேட்டது. இல்லை. காட்டு வான்கோழி வந்தபோது கொஞ்சம் தயங்கியது. "நான் உங்கமேல மூணு புகார் குடுத்திருக்கேன், மாமா. ஆனா எல்லாம் உங்க குறட்டையைப் பத்தி. புதரைப் பத்தி ஒண்ணும் இல்லை." ஆமை சரிபார்த்துவிட்டு, "ஆமா, மூணு இருக்கு, இது இல்லை" என்றது. சடையாண்டி வான்கோழியின் பெயரை மனதில் குறித்துக்கொண்டார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பதினாறாவதாக நத்தை. அது கவுண்டருக்கு வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. அதுவும் இல்லை.

"அப்போ யாருமே குடுக்கலியா?" என்று கத்தினார் சடையாண்டி. "தானா முளைச்சுதா இந்தப் புகார்?"

ஆமை கழுத்தை மெதுவாக நீட்டியது. "ஒருத்தர் மட்டும் இன்னும் கேக்கலை, ஐயா."

"யாரு?"

"நீங்க."

சடையாண்டி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஒரு வீம்புக்குத்தான் கேட்டார். "சரி. இது என் புகாரா?"

"ஆமா" என்று சொல்லி, மை இல்லாத காகிதத்தை ஆமை முத்திரை குத்தி நீட்டியது.

அடியில் இருந்தது அவருடைய கையெழுத்துத்தான். நரிமேல் போன வசந்தத்தில் கொடுத்த அதே புகார். விண்ணப்பத்தின் முதல் வரி, எந்த வளைமேல் புகார் என்று கேட்டிருந்தது. சடையாண்டி வாழ்நாளில் பார்த்த எல்லா விண்ணப்பங்களும் முதல் வரியில் அவருடைய எண்ணைத்தான் கேட்டிருந்தன. படிக்காமலே பதினாலு என்று போட்டிருந்தார்.

வான்கோழிக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் ஒரு சத்தம் வந்தது. மரங்கொத்தி மரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டது. நரி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "விடுங்கண்ணே. யாருக்கும் வர்றதுதான். திரும்பப் பெறுற படிவத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, ஒரு நிமிஷ வேலை. புதர் தப்பிச்சுடும்."

ஆமை படிவத்தை எடுத்து வைத்தது. அதில் ஒரே ஒரு வரி. 'என் புகார் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.'

சடையாண்டி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பனியை நினைத்தார். முதுகில் இப்போதே குளிர்ந்தது. பிறகு தன் புகாரை இன்னொரு தடவை படித்தார். தலைக்கனம் பிடித்த பிராணி. சரிதான். வழியை மறைக்கிறது. சரிதான். தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கமே கிடையாது. நரியைப் பற்றி இதைவிடச் சரியாக யார் எழுதமுடியும்?

"இதுல என்ன தவறு இருக்கு?" என்றார். "வளை நம்பரை மட்டும் திருத்திக்குடுங்க."

"திருத்தம்னா முப்பது வேலை நாள் ஆகும், ஐயா. ஆடு நாளைக்கே வருது."

"வரட்டும்."

"அண்ணே..." என்றது நரி.

"நான் குடுத்த புகாரை நான் திரும்ப வாங்கினதா சரித்திரமே கிடையாது" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு சடையாண்டி வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் பன்னிரண்டு ஆடுகள் வந்தன. புகார் கொடுத்தவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்யலாம் என்று விதி இருந்தது. சடையாண்டி நின்றார். இடது மூலையில் ஒரு கிளையை விட்டுவிட்டார்கள் என்று சுட்டிக்காட்டினார். வேரோடு மேயச் சொன்னார். "வளைக்காரர் தகராறு பண்ணுவாரா?" என்று தலைமை ஆடு கேட்டபோது, "அவன் கிடக்கிறான், நீங்க மேயுங்க" என்றார். வேலை முடிந்ததும் திருப்தி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் பனி விழுந்தது. நேராக உள்ளே வந்தது. மறுநாள் காலையில் நரி ஒரு கட்டுக் காய்ந்த இலையைக் கொண்டுவந்து பதினாலாம் வளை வாசலில் வைத்தது. "குளிருக்கு வாசல்ல அடைச்சுக்குங்க, அண்ணே. சாப்பிட்டாச்சா?"

நரி போனதும் சடையாண்டி இலைக்கட்டைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார். பிறகு நேராகப் போய், வாசலில் குப்பை கொட்டப்பட்டிருப்பதாக ஒரு புகார் கொடுத்தார். எந்த வளை என்ற இடத்தில் பதினாலு என்று போட்டார். இந்தத் தடவை அது சரியான எண்.

நரி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பனியோடு பத்தாவது வருஷம்.

நீதி: வளை எண்ணில் தவறு நேரலாம். நரி விஷயத்தில் நேராது.